குனில்லாவுக்குக் குளிர்கிறது

மைனஸ் இருபத்தெட்டில் பள்ளிக்கூடம் போனவள்
முத்தோரைப் பாலாடாவில், என் வீட்டு நாற்காலியில்
இரண்டு ஸ்வெட்டர், என் சால்வை,
போஜன் அண்ணனின் குரங்குக் குல்லா
எல்லாம் மாட்டிக்கொண்டு நடுங்குகிறாள்.
உரக்கடை கொடுத்த தெர்மாமீட்டர்
ஏழு என்கிறது.
வெளியில் அல்ல, அறைக்குள்.

"எங்கள் ஊரில் குளிர் வெளியே இருக்கும்.
கதவைச் சாத்தினால் போய்விடும்.
நீங்கள் அதை உள்ளே வைத்துக் குடும்பம் நடத்துகிறீர்கள்."
சிரித்தேன்.
சிரித்த வாயிலிருந்து புகை வந்தது.

உருளைக்கிழங்கு நோய் படிக்க
ஆறு மாதம் அவள் ஊருக்கு என்னை அனுப்பியபோது
ஊட்டிக்காரிதானே, தாங்குவாள் என்றார்கள் ஆபீசில்.
இங்கே பனி, புல்லின் மேல் தூவிய உப்பு.
எட்டு மணி வெயிலில் கணக்கு முடிந்துவிடும்.
உமேயோவில் அது நவம்பரில் குடிவந்து
ஏப்ரலிலும் காலி செய்யவில்லை.

முதல் நாள்
காலி பஸ்ஸில் ஒருத்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
பாவம், ஜன்னல் கண்ணாடிக்குள் நுழையப் பார்த்தாள்.
முதல் விருந்தில்
செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள்.
இவர்களுமா என்று மனம் லேசானது,
காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்க்கும்வரை.
குனில்லா ஒன்றும் சொல்லவில்லை.
தன் குதிகாலைத் திருப்பி
அங்கிருந்த ஓட்டையைக் காட்டினாள்.

சாப்பாடு:
காடியில் ஊறிய மீன், அதில் சர்க்கரை.
நுவரெலியாவிலிருந்து அம்மா கொண்டுவந்த
மாசிச் சம்பலில் வளர்ந்த நாக்கு
என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியது.
இறைச்சி உருண்டைக்குத் தொட்டுக்கொள்ளப் பழ ஜாம்.
கிழங்கு ஒன்றுதான் தெரிந்த முகம்,
சதகுப்பை இலை சூடிக்கொண்டு.
பகலெல்லாம் அதன் நோயைப் பார்ப்பேன்,
இரவில் அதையே தின்பேன்.
மூன்றாம் மாதம், வெட்கமில்லாமல்,
அந்த மீனை நானே கேட்டு வாங்கினேன்.

மூன்று மணிக்கு முன்பே இருட்டிவிடும்.
இருட்டியதும் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டுக் காபி,
ஒரு பன்.
ஒரு நாள் கடித்தால் உள்ளே ஏலக்காய்.
அவ்வளவு வடக்கில்
அதற்கு யார் வழி சொன்னார்களோ.
கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது என்று சொல்லித்
துடைத்துக்கொண்டேன்.

கிருனாவுக்கு ரயிலில் போனேன், டிசம்பரில்.
சூரியன் எழாத பகல்,
இங்க் கொட்டிய பாலைப் போல ஒரு நீலம்.
தண்டவாளத்தில் ரெயின்டீர் கூட்டம்; வண்டி நின்றது.
ஒரு மணி நேரம் யாரும் யாரிடமும் பேசவில்லை.
எதிர் சீட் பெரியவர் பையிலிருந்து ட்யூப் எடுத்தார்.
பல் தேய்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.
அப்பளம்போல் உடையும் ரொட்டியில்
மீன்முட்டை விழுதைப் பிதுக்கி,
பாதியை என் பக்கம் தள்ளினார்.
"வாஷகூ."
அந்தப் பயணத்தில் நான் கேட்ட
ஒரே சொல் அது.

போஜன் அண்ணன் தணல் சட்டி கொண்டுவருகிறார்.
புகை போக ஜன்னலைக் கொஞ்சம் திறக்கிறேன்.
"குளிருக்கு நெருப்பு, நெருப்புக்கு ஜன்னல்,
ஜன்னல் வழியே மறுபடி குளிர்"
என்று விரல்விட்டு எண்ணுகிறாள் குனில்லா.

விடியலில் தேயிலைக் கன்றுகளைத்
தாகை போட்டு மூடிய இடத்துக்குக் கூட்டிப்போனேன்.
புல்லில் வெள்ளையைத் தொட்டு, இதற்கு என்ன சொல் என்றாள்.
பனி.
பள்ளத்தாக்கில் மிதப்பதற்கு?
அதுவும் பனி.
குல்லாவில் சொட்டுவதற்கு?
பனிதான்.
அவள் ஊரில் விழுந்ததற்கு?
நான் ஒரே ஒரு சொல்லோடு
அவ்வளவு தூரம் போயிருந்தேன் என்பது
அப்போதுதான் எனக்கே உறைத்தது.

இன்னும் பன்னிரண்டு நாள் இருப்பாள்.
ஹீட்டர் வாங்க சேரிங் கிராஸ் போனேன்.
"விருந்தாளியா மேடம், மெட்ராஸ் ஆளா?
அவங்களுக்குத்தான் தாங்காது."
"இல்ல," என்றேன்,
"கொஞ்சம் வடக்கே."