முதிர்ந்த தோட்டத்துடன்

நாளை நாற்பத்திரண்டு டிகிரி என்கிறது வானொலி.
நாலரைக்கே எழுந்து குழாயைத் திறக்கிறேன்.
முதலில் வருவது நேற்றைய வெயில்,
ரப்பர் குழாய்க்குள் ராத்திரியெல்லாம் கிடந்தும்
ஆறாத தண்ணீர்.
அதைச் சிமெண்டுத் தரையில் கொட்டிவிட்டு
கைக்குக் குளிர்ந்த பிறகுதான்
கத்தரியின் காலடிக்குப் போகவேண்டும்.
இலையில் படாமல், வேரில் மட்டும்.
ஒரு செடிக்கு நூறு எண்ணும்வரை.

சாலிஸ்பரியில் இந்த வாடகை வீட்டுக்கு வந்தபோது
பின்பக்கம் இருந்தவை
உடைந்த டிராம்போலின் ஒன்றும்
செருப்பைக் குத்தும் முள்ளும்.
மூன்று கோடை.
கடப்பாரை இறங்காத களிமண்ணுக்கு
ஜிப்சம் போட்டு, ஆட்டுப் புழுக்கை போட்டு,
பட்டாணி வைக்கோலைக் கட்டுக்கட்டாய்ப் பிரித்து மூடி
விரல் நுழைகிற மண்ணாக்கினேன்.

தை பிறந்த அன்றுதான் கடிதம் வந்தது.
வழியும் பிறந்தது,
வாசல் வழியாக, வெளியே.
வீட்டை விற்கிறார்களாம். பிப்ரவரியோடு காலி செய்யணும்.
விவரம் சொல்ல வந்த ஏஜென்ட்டின் பெயர் கைலி.
சிரிக்காதே என்று இளவேனில் இடுப்பில் கிள்ளினாள்.
நான் அப்போது கட்டியிருந்ததும் அதுதான்.

கைலி தோட்டத்தைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.
"இதைப் படம் எடுத்துக்கலாமா?"
அரைமணி நேரம் கேட்டேன்.
பெண் பார்க்க வருகிறார்கள் என்று
சேதி வந்த வீடு மாதிரி
நிழல்வலையைச் சுருட்டினேன்.
சாம்பல் பூத்த சுரை இலைகளைக் கிள்ளினேன்.
வாடிய ஜீனியாக்களின் தலையை வெட்டினேன்
(வெட்டினால்தான் அடுத்தது பூக்கும்).
அடி கறுத்த தக்காளிகளைப் பறித்து
படக்காரன் வருமுன்
சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன்.
எதற்குச் செய்தேன் என்று
இளவேனில் கேட்டாள். தெரியவில்லை.

விளம்பரம் வந்தது.
மூன்று படுக்கையறை, இரண்டு கார் நிறுத்தலாம்,
முதிர்ந்த காய்கறித் தோட்டத்துடன்.
"உன் முதுகுவலியையும் சேர்த்து விக்கிறாங்க" என்றாள்.

அன்று தண்ணீர் விடவில்லை.
மறுநாளும் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.
ஏசி ஓடியது. நாக்கு வறண்டு
நாலு தடவை எழுந்து தண்ணீர் குடித்தேன்.
பொழுது விடிந்து பார்த்தால்
வெண்டை மட்டும் அசரவில்லை.
கத்தரி இலைகள் மடக்கிய குடையாய்த் தொங்கின.
மிளகாய் தன் பூவையெல்லாம்
காலடியில் கொட்டி வைத்திருந்தது.
செடிக்கு என்ன தெரியும் பத்திரமும் பட்டாவும்.
நூறு எண்ணினேன்.
பிறகு இன்னொரு நூறு.

அதே காலையில் பூசணியில் முதல் பெண்பூ.
இந்தச் சூட்டில் தேனீயும் வராது.
ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து,
மகரந்தக் காம்பால்
ஒன்பது மணிக்குள் தொட்டுவிடவேண்டும்.
அதற்குப் பிறகு பூ மூடிக்கொள்ளும்.
தொட்டேன்.
காய் முற்ற ஐம்பது நாளாவது ஆகும்.
விரல்விட்டு எண்ணினேன்:
மார்ச்.
நாங்கள் அப்போது ஏதோ ஒரு மாடிக் குடியிருப்பில்,
கறிவேப்பிலைத் தொட்டி இரண்டோடு,
பால்கனி எந்தத் திசை என்று
பார்த்துக்கொண்டிருப்போம்.

சனிக்கிழமை வீடு பார்க்க வந்தவர்கள் பதினோரு பேர்.
ஒருவர் பாத்தியைக் காலால் அளந்தார்,
ஷெட் போட இடம் சரியாக இருக்குமாம்.
ஒரு பையன் சாமந்தியைப் பிய்த்து மோந்து
முகம் சுளித்தான்.
சமையலறையை எட்டிக்கூடப் பார்க்காத ஒருத்தி
நேராக வெண்டைக்கு வந்து
நுனியைப் பட்டென்று ஒடித்துப் பார்த்தாள்.
முற்றல் இல்லை.
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
காயைக் கைப்பைக்குள் போட்டாள்.
கடவுளே, இவளுக்கு வங்கிக்காரன் கடன் கொடுக்கட்டும்.

நாளை நாற்பத்து நான்காம்.
ஏணியைக் கொண்டுவந்து
நிழல்வலையை மறுபடி கட்டுகிறேன்.
படம்தான் எடுத்தாயிற்றே.