கும்மாயத்தில் வரைந்த இரண்டு வண்டிகள்

ஷிபின் அனுப்பிய படங்களை
மூன்று மாதமாகப் பார்க்கிறோம்.
ஒன்றில் எஞ்சினும் அடுப்பும் ஒரே உடம்பு.
மற்றதில் கார் முன்னே, வீடு பின்னே,
நடுவில் ஒரு கொக்கி.

டெல்லஸுக்கு மோட்டார் வீடுதான் வேண்டும்.
ராஸ் அல் கைமாவில் இருபத்திரண்டு வருஷம்
டிரெய்லர் ஓட்டிய மனுஷன்.
"பொறத்தால வாறதப் பாத்துப் பாத்து
கழுத்து ஒரு பக்கமாட்டு ஒறச்சிப் போச்சு பிள்ளே.
இனி கண்ணாடியில
ஒண்ணும் கெடந்து ஆடப்பிடாது."

நான் கேட்பது இழுவை வீடு.
ஏன் என்றால்
விலை என்பேன், இன்சூரன்ஸ் என்பேன்,
எஞ்சின் மக்கர் பண்ணினால்
கட்டிலும் சட்டியும் சேர்ந்து
ஒர்க்ஷாப்பில் கிடக்கும் என்பேன்.
கிளைத் தபாலாபீசில் கணக்கு எழுதிய கை.
காரணங்களுக்குக் குறைவில்லை.

"கருங்கல் சந்தை நாளு
அத எங்க கொண்டு திருப்புவ?" என்கிறார்.
"நீரு எதுக்கு இருக்கீரு?" என்கிறேன்.

சனிக்கிழமை காலை
ரப்பர் ஷீட் காயும் கொடியை அவிழ்த்துவிட்டு
முற்றத்தில் டேப் பிடித்தார்.
கும்மாயம் கரைத்து
தென்னை மட்டையால் தொட்டுத் தொட்டு
இரண்டு வண்டியையும் நேரளவில் வரைந்தார்.
பலாமரத்துப் பக்கம் மோட்டார் வீடு,
கிணற்றுப் பக்கம் என்னுடையது, கொக்கியோடு.
நாய் வந்து கொக்கிமேல் படுத்துக்கொண்டது.

முதலில் அவர் வண்டியில் ஏறினோம்.
நான் அடுப்பு, அவர் ஸ்டியரிங்.
கேட்டில் மீன்காரரின் ஹாரன்.
"இப்ப சாளை வாங்கணும்னா
வீடே எழும்பி வரணும், பாத்தீரா?"
"நடந்து போனா என்ன?"
கோட்டைத் தாண்டி
நடந்துபோய் வாங்கி வந்தேன்.

பிறகு என் வண்டி.
பேச்சிப்பாறை ஏற்றம், நல்ல மழை என்று வைத்துக்கொள்,
உனக்குச் சாயை வேண்டும்,
ஓரங்கட்டி, இறங்கி, நனைந்து, பின்னால் ஓடணும்.
என் வண்டியில் என்றால்
எழுந்து திரும்பினால் சாயை, என்றார்.
"திரும்பி அதப் போடுறது ஆரு?"
ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்தார்.
மட்டையைக் கிணற்றடியில் சாய்த்து வைத்தார்.

மீன் கழுவிய கையோடு
அப்போதுதான் சொன்னேன்,
சொல்வதாக நினைத்திருக்கவில்லை.
நீரு அங்க இழுத்தது இரும்பு.
இங்க இந்த வீட்ட இழுத்தது நான்.
ஒங்க அம்மைக்க ஆஸ்பத்திரி, ஷிபினுக்க படிப்பு,
ஓடு பறந்த வருஷம், வரி, கிணத்து மோட்டார்.
எங்கயாவது ஒரு எடத்துல
கொக்கியக் கழத்தி
சக்கரத்துக்குக் கல்லு வச்சு
வீட்ட அங்கேயே நிக்க விட்டுட்டு
வெறும் காருல
தேங்காப்பட்டணம் வரைக்கும்
சும்மா போவணும் எனக்கு.

மீன் செதில் ஒன்று
என் மணிக்கட்டில் ஒட்டியிருந்தது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அப்புறம் கேட்டார்,
"அந்தக் காருல
எனக்கு எடம் உண்டா பிள்ளே?"

ஓட்ட ஆள் வேண்டாமா, என்றேன்.

அன்று ராத்திரி வீட்டுக்குள் புழுக்கம்.
முற்றத்தில் பாய் போட்டோம்.
எந்த வண்டிக்குள் என்று
ஷிபினிடம் சொல்லமாட்டேன்,
உங்களிடமும்.

நாலு மணிக்கு மழை.
பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினோம்,
இந்த வயசில், சிரித்துக்கொண்டு.
விடிந்து பார்த்தால் கோடெல்லாம் போயிருந்தது.
கொக்கி இருந்த இடத்தில் நாயின் கால் தடம்.
டேப்பை மறுபடி அவர் எடுக்கிறார்,
இந்தமுறை கேட்டை அளக்க.
ஏழரை அடி.
எந்த வண்டியானாலும்
ஒரு தூணை இடித்தாக வேண்டும்.

எந்தத் தூண் என்று
இப்போது தொடங்கியிருக்கிறது.