எர்த் சரியில்லை

ஆம்னியில் எஞ்சின்
சீட்டுக்கு அடியில்.
அதன்மேல் உட்கார்ந்துதான் ஆறு வருடமாக
பெரம்பூரிலிருந்து சிறுசேரி ஹாஸ்டல்களுக்கு
இட்லி மாவு கொண்டுபோகிறேன்.

அதன் சூடு என் தொடைக்குத் தெரியும்
டேஷ்போர்டுக்குத் தெரியாது.
டெம்பரேச்சர் முள்
என்றைக்கோ நடுவில் நின்று செத்துவிட்டது.
இரண்டு கோடை அதை நம்பி ஓட்டியிருக்கிறேன்.
கத்திரி வெயிலிலும் ஏறவே மாட்டேங்குது என்று
நாலு பேரிடம் பீற்றியும் இருக்கிறேன்.

ஆயிலுக்கு ஒரு சிவப்பு லைட் உண்டு.
"அது எரிஞ்சா வண்டிய நிறுத்தணுமா?"
"அது எரிஞ்சா
வண்டியே நின்னுடும்க்கா" என்றார் எட்வின்.

புதுப்பேட்டையில்
கழற்றிய கதவுகள் சாய்ந்து நிற்கும் சந்தில்
சாக்கை விரித்து மீட்டர்களைக் கொட்டினார் ஷம்சுதீன்.
கண்ணாடி கீறியது, வளையம் துருவேறியது,
முள்ளே இல்லாமல் எண்கள் மட்டும் இருந்தது.
தேடி மூன்று எடுத்தேன்.
ஆயில் பிரஷர், தண்ணீர்ச் சூடு, வோல்ட்.
ஒன்று வெள்ளை முகம், இரண்டு கறுப்பு.
"செட்டா வேணும்னா ஆயிரம் கூட ஆகும்மா."
ஜோடி பார்க்க
இதென்ன கம்மலா?

ஞாயிறு மதியம் எட்வின்
ஏஷ்ட்ரே இருந்த இடத்தை அறுத்தார்.
சீட்டைத் தூக்கிக் கட்டிவிட்டு
பழைய ஸ்விட்ச்சின் இடத்தில் பித்தளை டீ ஒன்று வைத்து
மரையில் வெள்ளை டேப் சுற்றி
கவட்டையில் ஸ்பேனரை இடுக்கிக்கொண்டு
போடுங்க என்றார்.

சாவியைத் திருகினேன்.
முள் எழுந்து நாற்பதுக்குப் போனது
கொஞ்சம் யோசித்தது
முப்பத்தெட்டில் உட்கார்ந்தது.
கூடவே குடும்பம் நடத்தியவரின் சம்பளத்தை
யாரோ சொல்லி
முதல்முறை கேட்டதுபோல் இருந்தது எனக்கு.

அப்புறம் ரோட்டைப் பார்ப்பது குறைந்துபோனது.
சிக்னலில் நின்றால் பதினைந்து.
ஹெட்லைட் போட்டால் வோல்ட் அரைப்புள்ளி இறங்குகிறது.
ராத்திரி சாப்பாட்டில் எண்களைச் சொன்னேன்.
ரசம் வேண்டுமா என்றார்கள்.

பதினோராம் நாள், விடிகாலை நாலு பத்து.
துரைப்பாக்கத்தில் இடதுபக்கம் ஒதுங்கப் பார்க்கையில்
பிரஷர் முள் துடிக்க ஆரம்பித்தது.
ஐம்பது, இருபது, ஐம்பது, இருபது.
ஓரமாக நிறுத்தி
கை நடுங்க போன் போட்டேன்.
பின்னால் துணி கட்டிய டிரம்மில்
மாவு தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

எட்வின் தூக்கத்திலேயே கேட்டார்:
"டிக் டிக்னு ஒண்ணு கேக்குதே, அது என்ன?"
"இண்டிகேட்டர்."
"அத ஆஃப் பண்ணுங்க."

முள் நின்றது.
முப்பத்தெட்டு.

"எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லக்கா.
எர்த் சரியில்ல.
ரெண்டு ஒயரும் ஒரே போல்ட்டுல நிக்குது,
அந்த போல்ட்டு பெயிண்ட் மேல நிக்குது."
சொல்லிவிட்டு
போனை வைக்க மறந்து குறட்டை விட்டார்.

அன்று முக்கால் மணி நேரம் லேட்.
மாவு பொங்கி மேட்டில் வழிந்து காய்ந்து
ஒரு வாரம் புளித்த வாடை.
ஹாஸ்டலில் முந்நூறு பிடித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் எட்டணா அகலத்துக்கு
பெயிண்டைச் சுரண்டினார் எட்வின்.
இருபத்தாறு வருடமாக வெளிச்சம் படாத தகரம்
பளிச்சென்று இருந்தது.
எர்த் என்றால் இதுதானாம்,
மண்ணைத் தொடுவதல்ல
வண்டி தன்னைத் தானே தொடுவது.
"அந்தச் செத்த முள்ளையும் கழட்டிடவா?"
இருக்கட்டும் என்றேன்.
ஏன் என்று தெரியவில்லை.

இப்போது திரும்பி வரும்போது
ஒன்பது மணி டிராஃபிக்கில்
சூடு நூறை நெருங்கினால்
பெருங்குடியில் ஓரங்கட்டி
இறங்கும்வரை டீக்கடையில் நிற்கிறேன்.

"எத்தன?" என்றார் மாஸ்டர் ஒருநாள்
கிளாஸை அலசிக்கொண்டே.

"தொண்ணூத்தாறு" என்றுவிட்டேன்.