மிச்சக் காசு

விண்ணப்பம் நான்கு பக்கம்.
முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்.
மா. நிரோஜினி என்று எழுதிவிட்டு
முதலெழுத்தை விரித்தெழுதுக என்ற இடத்தில்
பேனாவை மூடி வைத்தேன்.
பண்டாரவளை இல்லத்துப் பதிவேட்டில்
யாரோ போட்ட எழுத்து அது.
மாரிமுத்துவோ மாணிக்கமோ
மார்ச் மாதமோ.

பாதுகாவலர்: பிலோமினா.
தொழில்: பிள்ளைக்காம்பரா ஆயா, கீழ்க்கணக்கு, கொட்டகலை.
உறவுமுறை:
எட்டு வருஷத்தில் ஒருநாளும்
அம்மா என்றதில்லை, ஆன்ட்டி என்றதுமில்லை.
"இந்தாங்க" என்பேன்.
இந்தாங்க, உப்பு எங்க.
இந்தாங்க, கரண்ட் போயிருச்சு.
அந்தச் சொல்லை எழுதப்
பெட்டியில் இடமிருந்தது.
வளர்ப்பு என்று எழுதினேன்.

நேர்முகத்துக்கு ஹட்டனில் மூன்று பேர்.
தட்டு நிறைய பிஸ்கட், ஒருவரும் தொடவில்லை.
"உங்க கதையைச் சொல்லுங்க மகள்."
சொல்லியிருக்கலாம்.
அளவு சரியில்லாத சப்பாத்தைப்போல
இரண்டு வீடுகள் என்னைத் திருப்பிக் கொடுத்ததை,
இரண்டாம் வீட்டில்
ஃப்ரிட்ஜுக்கும் பூட்டு இருந்ததை.
கண்ணாடி போட்டவர் காத்திருந்தார்.
டிஷ்யூப் பெட்டி மெல்ல
என் பக்கம் நகர்ந்தது.

நான் இரசாயனவியல் சொன்னேன்.
கொழுந்து கசங்கியதும்
காற்று அதற்குள் புகுந்து செய்வதை,
பச்சை செம்பாகிச் செம்பு கறுப்பதை,
எந்த நிமிடத்தில் சூடு காட்டி
அதை நிறுத்தவேண்டும் என்பதை.
மூவரும் பெருமூச்சோடு தலையசைத்தார்கள்.
என் வாழ்க்கைக்கு உவமை என்று நினைத்திருக்க வேண்டும்.
உவமை இல்லை.
ஒட்சியேற்றம்.

கிடைத்தது.
மாதம் எட்டாயிரம், நான்கு வருஷம்.
கடிதத்தைப் பிலோமினா
அரிசி டின்னுக்குள் வைத்தார்.
அங்கேதான் எலி வராதாம்.

அதே கிழமை நன்னடத்தை அலுவலர் வந்தார்,
மழைக்கோட்டைக் கழற்றாமலே.
பதினெட்டு முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு,
ஃபைலை மூடாம விட்டுட்டோம்,
கொடுப்பனவு அப்பவே நின்னுருச்சுதானே,
இனி இவ உங்க பொறுப்பில்ல,
இதுல ஒரு கையெழுத்து.

அப்பவே நின்றது
எனக்குத் தெரியாது.
இரண்டு வருஷம். பரீட்சைக்கு முன்னால் வாங்கிய மேசை விளக்கு.
ஞாயிற்றுக்கிழமைகளில் கருவாடு.
டியூஷன் காசு, மாதம் தவறாமல்.
பிலோமினா
பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல் நிறுத்தி நிறுத்திக்
கையெழுத்துப் போட்டார்.
உள்ளே ரொட்டி கருகும் வாசம் வந்தது.
இரண்டு பேரும் எழும்பவில்லை.

இப்போது டிசம்பர்.
ஐந்து மணிக்குள் விடுதிச் சாவியைக் கொடுக்க வேண்டும்.
பக்கத்துக் கட்டில்காரி வவுனியாவுக்குப் போய்விட்டாள்,
அவளுடைய அப்பா வேன் கொண்டுவந்திருந்தார்.
நான்கு பக்கத்தில் அவ்வளவு கேட்டவர்கள்
லீவுக்கு எங்கே போவாய் என்று மட்டும்
கேட்கவில்லை.

கலஹா சந்தியில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு
மூன்றாவதில் ஏறினேன்.
"எங்க, தங்கச்சி?"
கம்பளை என்றிருக்கலாம். நாவலப்பிட்டி என்றிருக்கலாம்.
அங்கே எனக்கு யாரும் இல்லை,
அதனால் சொல்வது சுலபம்.
"ஹட்டன்" என்றேன்.
ஐந்நூறு ரூபாய்த் தாளுக்குச் சில்லறை இல்லை.
டிக்கெட்டின் முதுகில் பேனாவால் கிறுக்கித் தந்தார்:
எறங்குறப்ப வாங்கிக்குங்க.

கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ் முனகுகிறது.
போனில் 'இந்தாங்க' என்று தட்டி
அதற்குமேல் ஓடாமல் இருக்கிறேன்.
வட்டவளையில் சிக்னல் போய்விடும்,
அதற்கு முன்னால் ஏதாவது எழுதவேண்டும்.
ஷட்டர் இடுக்கால் மழை தெறிக்கிறது.
டிக்கெட்டை உள்ளங்கையில் மடித்துக்கொள்கிறேன்,
மை கரைந்துவிடாதபடி.
இறங்கும் இடத்தில் எனக்கு
இருநூற்று நாற்பது ரூபாய்
வரவேண்டி இருக்கிறது.
நான் கொடுக்கவேண்டியதை
யாரும் எழுதித் தரவில்லை.