மணிக்கு இருபத்து மூன்றரை

ஏழாம் மாடி பிரின்டர் மறுபடியும் தாளை விழுங்கிவிட்டது.
டிக்கெட்டில் ‘அவசரம்’ என்றிருந்தது.
எல்லா டிக்கெட்டும் அவசரம்தான்.
டுலூத்தில் அன்று பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே;
கண்ணாடிக்கு அப்பால் ஏரி
கரையிலிருந்து உள்நோக்கி உறைந்துகொண்டிருந்தது.

பின்மூடியைத் திறந்து
உருளைகளுக்கு நடுவே விரல் விட்டேன்.
விசிறியாய் மடிந்து, சூடு ஆறாமல்
வந்தது ஒரு தாள்.
படிக்கக் கூடாது என்பது விதி.
துண்டு எதுவும் உள்ளே தங்கியிருக்கிறதா என்று
விரித்துப் பார்க்க வேண்டும் என்பதும் விதி.

விரித்தேன். என் பெயர்.
மாரிட் சோல்பெர்க், மேசைக்கணினி உதவி,
நாற்பது மணி நேரம்,
மணிக்கு ஐம்பத்தெட்டு டாலர்.
என்னை அனுப்பிய ஏஜென்சி
இந்தக் கம்பெனிக்குப் போட்ட பில்.

என் கைக்கு வருவது இருபத்து மூன்றரை.
மீதி முப்பத்து நான்கரை
மினியாபொலிஸில் எங்கோ
நான் பார்த்தேயிராத ஒரு நாற்காலியில்
கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது.
ஆறு வருடமாக.
கிறிஸ்துமஸ்தோறும் ஒரு காபிக் குவளை அனுப்புவார்கள்.
வீட்டில் ஆறு குவளை இருக்கிறது.
குடிப்பது நான் ஒருத்திதான்.

தாளை நீவி லோர்னாவின் மேசையில் கவிழ்த்து வைத்தேன்.
“நீ இல்லையென்றால் இந்தக் கட்டடமே நின்றுபோகும், மாரிட்.”
மனதாரத்தான் சொன்னாள்.
வீட்டுக்காரர் வாடகைக்கு
இந்த மாதிரி வாக்கியங்களை வாங்கிக்கொள்வதில்லை.

மதியம், அடித்தளத்தில்,
செத்த மானிட்டர்களுக்கு நடுவே சாப்பாடு.
“உங்களுக்கெல்லாம் எவ்வளவு?” என்றேன்.
இந்த ஊரில் ஒருவரின் விவாகரத்தைக்கூடக் கேட்டுவிடலாம்.
இதைக் கேட்பதில்லை.

ரஸ்ஸல் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார்.
இருபத்தாறு என்றார்,
கடையில் எதையோ எடுத்து மாட்டிக்கொண்டவர் குரலில்.
டெங் வாங் சாதத்தைக் கிளறியபடியே சொன்னான்:
பத்தொன்பது முக்கால்.
துணைத் தலைவர்களின் லேப்டாப்பெல்லாம் அவனிடம்தான் வரும்.
ராத்திரி போனும் அவன் தலையணைக்கு அடியில்தான்.

ரஸ்ஸல் தன் சாண்ட்விச்சில் பாதியை
அவன் பக்கம் நகர்த்தினார்.
மணிக்கு ஆறேகால் டாலருக்கு
அது ஈடாகாது என்று
மூவருக்கும் தெரிந்திருந்தது.
டெங் எழுந்து போய் வெள்ளைப்பலகையில்
நான்கு எண்களை எழுதினான்,
ஒன்றின் கீழ் ஒன்றாக,
யாருடையது எது என்று எழுதாமல்.
பெரியது மேலே.

அப்போது வந்தது டிக்கெட்.
ஏஜென்சி மேலாளர்.
பாஸ்வேர்ட் மறந்து ஐந்து முறை தப்பாய் அடித்து
வெளியே மாட்டிக்கொண்டிருக்கிறார்.
எங்கள் நேரக்கணக்குக்கு அவர்
மூன்று மணிக்குள் கையெழுத்திட வேண்டும்.
இல்லாவிட்டால் இந்த வாரச் சம்பளம்
அடுத்த வாரம்.
அவசரம்.

டெங் எழப் போனான்.
ரஸ்ஸல் அவன் தோளை அழுத்தினார்.
“சாப்பிட்டு முடி.”

டப்பாவில் இன்னும் பாதிச் சாதம் இருந்தது.
அவன் எப்போதுமே
மெதுவாகத்தான் சாப்பிடுவான்.