ஊற்றாதே

ஐப்பசி மழை. மரப்பாலம் பக்கம்
மண் சரிந்து கிடக்கிறது என்று
பெள்ளிராஜ் போனில் சொன்னபோது
இரவு பத்தே முக்கால்.
நைட்ரஜன் உருளை வேனில். வேன் பர்லியாரில்.
முன்னால் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் லாரிகள் நாற்பது,
ஒரு கல்யாண பஸ்.
'நீங்க சாப்ட்டுப் படுங்க மேடம்.'
குன்னூரில் என் படுக்கை
அளவுக் கருவிக்கும் சுவருக்கும் நடுவே.

குடுவைக்குள் ஒரு கார்னெட் படிகம்.
அதில் முடியைவிட மெல்லிய வாய்க்கால்.
வாய்க்கால் என்றால் தண்ணீர் இல்லை,
கோடி காந்த ஊசிகள்
ஒரே திக்கு பார்த்து நிற்கின்றன.
ஒன்று லேசாகத் தலைசாய்க்க
பக்கத்தது சாய்கிறது, அதற்குப் பக்கத்தது...
சாய்வு மட்டும் நடந்து போகிறது.

பெட்டட்டி ரேஷன் கடையில்
வரிசையின் வாலில் யாரோ இடிக்க
அந்த இடி ஆள்மாறி ஆள்மாறி வந்து
முதல் ஆளின் மண்ணெண்ணெய்க் கேனை உருட்டிவிடுமே,
ஒருவரும் ஓரடி நகராமல்.
அந்த இடிக்குத்தான் மேக்னான் என்று பேர்.
எடுத்துக் காட்டு என்றால் முடியாது.
இல்லை என்றும் சொல்ல முடியாது,
கேன் உருண்டது நிஜம்.

நாலு வருஷமாக ஒரே கேள்வி:
இவை தனித்தனியாக ஓடுமா, கூடி ஒழுகுமா?
கடுங்குளிரில்
ஒன்றை ஒன்று கண்டுகொள்வதில்லை.
தன் போக்கில் போய்ச் சுவரில் முட்டி
கொண்டுவந்த வேகத்தை
அங்கேயே தொலைத்துவிட்டு நிற்கும்.
சூடேறினால் நெரிசல், நெரிசலென்றால் தடை
என்று எல்லாரையும் போல நானும் படித்தவள்.
அதனால்தான் குளிருக்கு இத்தனை செலவு.

ஒரு மணிக்குக் கரண்ட் போய் வந்தது.
குடுவையில் அடிவண்டல் போலக் கொஞ்சம் குளிர்.
எண்பது கெல்வின். எண்பத்து நாலு. தொண்ணூறு.
திரையில் தடை ஏற வேண்டும்.
இறங்கியது.

வயர் கழன்றதா பார்த்தேன். கழலவில்லை.
தொண்ணூற்றாறில் இன்னும் இறங்கியது.
மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு
வெளியே போய் நின்றேன்,
முறைத்துப் பார்த்தால் கூச்சப்படும் பிள்ளையைத்
தனியே விடுவது போல.
திரும்பி வந்தபோதும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

மோதத் தொடங்கியிருக்கின்றன.
மோதியும் ஒன்றும் வீணாகவில்லை.
இது இழந்ததை அது வாங்கிக்கொள்கிறது,
கணக்கு வீட்டைத் தாண்டவில்லை.
நடுவே போகிறதைச் சுவர்வரை விடாமல்
அக்கம்பக்கம் மறிக்கிறது.
ஓரத்தில் உள்ளவை சுவரை உரசி ஊர
நடு விரைகிறது,
நெரிசலின் தயவில்.

போன் அடித்தது.
'ஒத்தை வழி விட்டுட்டாங்க மேடம்.
முட்டிக்கிட்டுத்தான் போறோம்.
ஆனா போறோம்.'
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஏன் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

மூன்றே காலுக்கு வந்தான்,
முழங்கால்வரை செம்மண்.
உருளையின் வாய் திறந்து, புனல் பொருத்தி,
'ஊத்தட்டுமா?'
நூற்றிரண்டு. கோடு இன்னும் சாய்ந்துகொண்டிருந்தது.
'ஊத்தாதே.'

அவன் என்னைப் பார்த்த பார்வைக்குக்
குறிப்பேட்டில் கட்டம் இல்லை.
நாளை திரும்பச் செய்தால் வராமலும் போகலாம்.
ஒரு ராத்திரி, ஒரு படிகம்,
சாலிடரிங்கே சரியில்லாமல் இருந்திருக்கலாம்.
அதையும் எழுதினேன்.

மூடாத உருளையிலிருந்து
வெள்ளைப் புகை வழிந்து தரையோடு போனது.
கதவிடுக்கில்
ஓரங்கள் மரத்தைப் பற்றிக்கொண்டு தயங்க
நடு முந்திக்கொண்டு வெளியேறியது.
பெள்ளிராஜ் குறுக்கே கால் நீட்டினான்.
பிரிந்து, சுற்றி, அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டது.

இன்னொரு காலையும் நீட்டிப் பார்த்துவிட்டு
'டீ இருக்கா?' என்றான்.