குளிர்பெட்டிக்கு ரசீது

திரானாவில் மூன்றாம் மாடி, எண் பதினாறு.
நீதிபதிகளை விசாரிக்கும் ஆணையம்
ஒன்பதரைக்கு என்றார்கள், பத்தேகாலுக்குத் தொடங்கியது.
நான் தட்டச்சுக்காரி.
பேசுவதெல்லாம் என் விரல் வழியே போகும்,
எதுவும் என்னிடம் தங்காது.
அதுதான் என் தகுதி என்று
என்னைச் சோதித்தவர்கள் எழுதியிருந்தார்கள்.

இன்றைக்கு வல்போனா ட்ஸானி.
துர்ரஸ் நகரில் பதிமூன்று ஆண்டு நீதிபதி.
சாம்பல் நிறக் கோட்டு,
ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம்.
வீடு வாங்கிய பணம் எங்கிருந்து?
தம்பி இத்தாலியில் தக்காளி பறித்து அனுப்பியது.
வங்கி வழியாகவா?
இல்லை. பேருந்து ஓட்டுநர் வழியாக, பிஸ்கட் டப்பாவில்.
ஓட்டுநர் பெயர்?
"செத்துவிட்டார்."
பெயருக்குப் பதில் அதைத்தான் சொன்னார்.

நாணயத்தைப் பார்க்க உட்கார்ந்தவர்கள்
நாணயங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
குறை சொல்லவில்லை.
எண்ண முடிந்ததைத்தானே எண்ண முடியும்?
எண்ண ஆளில்லாத காலத்தில்
வழக்குக்கு இவ்வளவு என்று
காப்பிக் கடையிலேயே விலை சொன்னார்கள்.
என் அண்ணனின் ஆலிவ் தோப்பு அப்படித்தான் போனது.
முதல் நாள் இந்த அறைக்கு
நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தேன்.

பிறகு பெத்ராக் ந்தோனி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
நாற்பத்தோராம் வரிக்கு வந்தார்.
"குளிர்பெட்டி ஒன்று. தொண்ணூற்றேழு. ரசீது இல்லை.
நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்."

"வாங்கவில்லை," என்றார் வல்போனா.
"மார்ச் மாதம். துறைமுகக் கிடங்கு திறந்து கிடந்தது.
அப்பா கைவண்டியில் கொண்டுவந்தார்.
பின்னாலிருந்து தள்ளியது நான். பதினேழு வயது."

"யாரும் கேட்கவில்லையே. ஏன் எழுதினீர்கள்?"

"திருட்டு வழக்குகளுக்குத் தண்டனை எழுதுவது
வீட்டில், சமையலறை மேசையில்.
அது பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.
பழைய பெட்டி. சத்தம் அதிகம்."

தொண்ணூற்றேழு என்றால்
இந்த நாட்டில் விளக்கம் தேவையில்லை.
சீட்டுக் கம்பெனிகள் எல்லோர் சேமிப்பையும் விழுங்கிய வருடம்.
கிடங்குக்குக் கதவில்லை, காவலுக்கு ஆளில்லை,
கையில் கிடைத்தது வீட்டுக்கு வந்தது.
மேடையில் நாற்பது தாண்டியவர்கள் மூவர்.
ஒருவர் தண்ணீர்க் குடுவையைப் பார்த்தார்.
ஒருவர் கடிகாரத்தை.
இளம் வக்கீல் பெண் மட்டும்
அடுத்து என்ன என்று பேனாவைத் தூக்கி வைத்திருந்தாள்,
பாவம், அவள் பிறந்ததே அதற்குப் பிறகு.

பத்து விநாடிக்கு மேல் யாரும் பேசாவிட்டால்
பதிவில் குறிக்க வேண்டும், விதி.
அடைப்புக்குறிக்குள் அடித்தேன்:
மௌனம், பன்னிரண்டு விநாடி.

எங்கள் பரணில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது.
அந்த மார்ச்சில் என் கணவர் ஸ்கெந்தர்
இருட்டில் தோளில் போட்டு ஓடிவந்தது.
திறந்தால் முப்பத்தாறு காலணிகள்,
அத்தனையும் இடது காலுக்கு.
வலது கால்கள் யார் வீட்டிலோ.
சிரித்தோம். எறியவில்லை. ஏன் என்று தெரியாது.
இந்த வேலைக்கான படிவத்தில்
விலை கொடுக்காமல் பெற்ற பொருள் உண்டா என்று
ஒரு கேள்வி இருந்தது.
இல்லை என்று எழுதினேன்.
இரண்டு கால் சேர்ந்தால்தானே பொருள் என்று
எனக்கு நானே வக்கீல்.

தீர்ப்பு பத்து நாள் கழித்து வந்தது. பதினேழு பக்கம்.
பதவி நீக்கியது பிஸ்கட் டப்பா:
ஒன்பதாயிரம் யூரோ, ஆதாரம் இல்லை.
குளிர்பெட்டி எங்கும் இல்லை.
சரியா தவறா என்று என்னைக் கேட்காதீர்கள்.
அண்ணனின் தோப்பு நினைவுக்கு வந்தால் ஒரு பதில்,
அந்தப் பொத்தான் நினைவுக்கு வந்தால் வேறொன்று.

சொல்ல விட்டுப்போனது:
அன்று உணவு இடைவேளையில்
பெத்ராக் என் மேசைக்கு வந்தார்.
அவர் ஊர் லுஷ்ன்யா. அங்கே மாவு ஆலை ஒன்று
இரண்டே நாளில் காலியானதாகச் சொல்வார்கள்.
"அந்த மௌனம்," என்றார், "எவ்வளவு என்று போட்டீர்கள்?"

அழிக்கச் சொல்வார் என்று நினைத்தேன்.
விரல் தயாராகவே இருந்தது.

"பன்னிரண்டு."

"கூடவே இருந்தது," என்றார்.
"நாற்பதாவது இருக்கும். திருத்திவிடுங்கள்."